இழுத்துவிட்டால் தசை நீளுமா? ஊரில் பிசியோதெரபிக்குப் போன அனுபவம்

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தள்ளிப்போட்ட வைத்தியங்களை அங்கே முடித்துக்கொள்ள நினைப்பவர்களில் நானும் ஒருவன். இந்த முறை எனக்கு இருந்த தொல்லை தொடையின் பின்தசை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பதால், குனிந்தால் விரல் நுனி முழங்காலைத் தாண்டி அதிகம் இறங்காது. கூடவே, பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை மடங்கியே இருக்கும் சித்தப்பாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும் வேலையும் எனக்கு வந்தது. ஸ்ட்ரெச்சிங்கால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை இரண்டு வெவ்வேறு உடம்புகளில் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

முதலில் போனது ஒரு ஃபிட்னஸ் ஸ்டுடியோவுக்கு. "நீங்க படுத்தா போதும் சார், நாங்க இழுத்துவிடுவோம். உடம்பும் வளையும், தசையும் டோன் ஆகும்" என்றார்கள். இடம் சுத்தம், பேச்சில் மரியாதை, இழுத்துவிட்ட பையனுக்கு நல்ல கைப்பழக்கம். எழுந்து குனிந்து பார்த்தபோது விரல் முன்பைவிடக் கீழே இறங்கியது. சாயங்காலத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இது அந்தப் பையனின் குறை இல்லை. ஒரு தடவை இழுத்தால் கிடைக்கும் தளர்வு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஆனால் டோன் ஆகும் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. உடம்பு திரண்டு உறுதியாகத் தெரிய, தசை பருக்க வேண்டும், மேலே படிந்த கொழுப்பு குறைய வேண்டும். அதற்கு எடைப் பயிற்சியும் சரியான சாப்பாடும் தேவை. படுத்துக்கொண்டு அடுத்தவர் கையால் இழுபடுவதில் அது நடக்காது. பணம் கட்டி வருகிறவர்களிடம் இதை நேராகச் சொல்லிவிடலாம்.

பிசியோதெரபி மையத்தில் என்னைப் பார்த்த பெண் முதலில் அளவெடுத்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கி, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை இடுப்பு மூட்டில் வைத்துப் பார்த்தார். வலது கால் 55 டிகிரி. பலருக்கு 80 வரை எளிதாக வரும் என்றார். அதே நிலையில் பாதத்தை என் பக்கமாக மடக்கி, இழுப்பு எங்கே கூடுகிறது என்று கேட்டார். கூச்சமோ மரத்துப்போவதோ இருக்கிறதா என்றும் விசாரித்தார். சில பேருக்குப் பின்தசை இறுக்கம் போலத் தெரிவது நரம்பு இழுபடுவதால் வருவதாக இருக்குமாம், அவர்களுக்கு வலுவாக இழுத்தால் வலிதான் கூடும்.

பிறகு என் குதிகாலைத் தன் தோளில் வைத்து, "கீழ அழுத்துங்க அண்ணா" என்றார். சில விநாடி அழுத்தினேன். "இப்ப விடுங்க." காலை மறுபடி தூக்கினார். 65 டிகிரி.

"ஒரு நிமிஷத்துல தசை பத்து டிகிரிக்கு வளர்ந்திருக்காதுல்ல அண்ணா? நீளம் ஏற்கனவே இருக்கு. அந்த இழுப்பை உங்க உடம்பு பொறுத்துக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை. ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். சில வாரங்கள் தொடர்ந்து ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கு மூட்டு கூடுதலாக வளைகிறது. ஆனால் பழைய கோணத்தில் அளந்தால், தசை காட்டும் எதிர்ப்பு பல ஆய்வுகளில் பெரிதாக மாறுவதில்லை. வலிக்க ஆரம்பிக்கும் எல்லைதான் தள்ளிப்போகிறது. வளைதிறன் நிலைக்க வேண்டுமானால் விடாமல் செய்ய வேண்டும், அதற்காக மணிக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை. 1994இல் பேண்டி, ஐரியன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் பின்தசை ஸ்ட்ரெச்சிங் கொடுத்துப் பார்த்ததில், 30 விநாடி பிடித்தவர்களுக்கும் 60 விநாடி பிடித்தவர்களுக்கும் கிடைத்த பலன் ஒன்றுதான். எடையைத் தூக்கி முழு வீச்சில் இறக்கி ஏற்றும் பயிற்சியும் மூட்டை ஏறக்குறைய அதே அளவுக்கு வளைய வைக்கும், வலுவும் சேரும். பிசியோதெரபி பெண் எனக்கு இரண்டையும் கலந்துதான் கொடுத்தார். ஓட்டத்துக்கோ குதிப்புக்கோ முன்னால் ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடித்து இழுக்க வேண்டாம், கொஞ்ச நேரத்துக்கு வேகம் குறையும் என்றும் சொன்னார்.

சித்தப்பா விஷயம் வேறு. அவருடைய முழங்கையை மெதுவாக நீட்டினால் ஓரளவு வருகிறது. வேகமாக நீட்டினால் பாதி வழியில் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. தசைக்குள் இருக்கும் உணர்விகள் இழுபடும் வேகத்தைத் தண்டுவடத்துக்குச் சொல்லும், அங்கிருந்து சுருங்கச் சொல்லிக் கட்டளை திரும்பி வரும். இந்த அனிச்சைச் செயலை லிடெல், ஷெரிங்டன் என்ற உடலியல் ஆய்வாளர்கள் 1924இலேயே விவரித்துவிட்டார்கள். மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு பக்கவாதத்தில் குறைந்துபோவதால் அது மிகையாகிறது. அந்த முறுக்கு இருப்பது நரம்பில், தசையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துவிட முடியாது.

சித்தி கேட்டார்: "தினமும் ரெண்டு மணி நேரம் நான் இழுத்துவிட்டா சரியாயிடுமாம்மா?"

"உங்க கைதான் வலிக்கும் அம்மா. மெதுவா நீட்டிவிடுங்க, கொஞ்ச நேரம் தளரும், சட்டை மாட்ட, கை கழுவ வசதியா இருக்கும். அதோட நிறுத்திக்குங்க. மீதி நேரத்துல ஐயாவே கையைப் பயன்படுத்தணும்."

ஆசை காட்டாமல் இப்படிச் சொன்னதற்காகவே அந்தப் பெண்ணுக்கு என் நன்றி. மூட்டு இறுகிப்போவது பற்றி பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும், ஏழு மாதத்துக்கும் குறைவாகச் செய்த ஸ்ட்ரெச்சிங்கால் நரம்புப் பாதிப்பு உள்ளவர்களின் மூட்டு அசைவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே முடிவு சொல்கிறது. அந்தப் பெண் பெரும்பாலான நேரத்தை, சித்தப்பாவை டம்ளரைப் பிடித்து விடவைப்பதிலும் மேசைமேல் கையை முன்னே நகர்த்தவைப்பதிலும்தான் செலவழித்தார். முறுக்கு அதிகமானால் நரம்பியல் மருத்துவரிடம், தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி பற்றிக் கேட்கவும் சொன்னார்.

குறையும் உண்டு. எந்த நோவோடு யார் வந்தாலும் முதல் கால் மணி நேரம் மின்சாரக் கருவியை மாட்டிப் படுக்கவைத்துவிடுகிறார்கள். எனக்கு அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தரும் பழக்கமும் இல்லை, நானாகக் கேட்டு வாங்கினேன்.

குறுகிய விடுப்பில் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. வளைதிறன் மாறச் சில வாரங்கள் ஆகும், அதனால் கிளம்பும் தறுவாயில் போகாதீர்கள். இறங்கிய முதல் வாரமே போய், கோணத்தை அளந்து எழுதி வாங்குங்கள், பயிற்சிகளைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் வீடியோ அழைப்பில் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். எனக்குச் சம்மதித்தார்கள், இப்போதும் அப்படித்தான் தொடர்கிறேன்.