சைலன்ட் ரன்னிங்கா, வால்-ஈயா?

பூமியில் பச்சையே இல்லாமல் போனால்? இரண்டு படங்களும் இங்கேதான் தொடங்குகின்றன.

பிக்ஸாரின் ‘வால்-ஈ’யில் (2008) குப்பை அள்ளும் ரோபோ, ஒற்றைச் செடியைப் பழைய பூட்ஸுக்குள் வைத்துக் காக்கிறது. முதல் பாதியில் பேச்சே குறைவு. குழந்தைகளோடு பார்க்க இதுதான் சரி.

டக்ளஸ் ட்ரம்புல்லின் ‘சைலன்ட் ரன்னிங்’ (1972) அவ்வளவு சாது இல்லை. சனிக்கிரகத்தருகே விண்கலங்களில் மிதக்கும் குவிமாடக் காடுகளை அழிக்க உத்தரவு வருகிறது. காட்டுக்காக, அதைப் பராமரிக்கும் லோவெல் தன்னோடு இருந்தவர்களையே கொல்கிறான். அப்புறம் அந்தக் காடே வாடுகிறது. வெயில் போதவில்லை என்பது செடிகளோடே வாழ்ந்தவனுக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது! இதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனாலும் என் ஓட்டு இதற்கே. கடைசியில், யாருமில்லாத காட்டில், குட்டி ரோபோ ஒன்று பழைய பூவாளியால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது.