வளைவில் அகலும் ஆர்சி கார்: கெட்டி ஸ்பிரிங்கா, கெட்டி ஆயிலா?

வளைவில் த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கி, முன் டயரில் பாரம் குறைந்து கார் வெளியே அகலுகிறதா? 1/10 அளவு ரியர் வீல் டிரைவ் பக்கிகளில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் மோட்டார் விசை போகும், கரடுமுரடான தரைக்கான ரிமோட் கார்கள்) இது சகஜம். இரண்டு வழி உண்டு: பின்னால் கெட்டி ஸ்பிரிங் போடலாம், இல்லை பின் ஷாக்கில் (அதிர்வைத் தாங்கும் ஆயில் குழாய்) கெட்டி ஆயில் ஊற்றலாம்.

ஸ்பிரிங் வளைவு முழுக்க வேலை செய்யும். ஆயில், ஷாக் அசைகிற நேரத்தில் மட்டும்தான் தடுக்கும். சட்டென்று முடிகிற கொண்டை ஊசி வளைவுக்கு அது போதும். நீண்ட வளைவில் கார் அமுங்கி முடித்த பிறகு ஆயிலுக்கு வேலையே இல்லை.

ஸ்பிரிங் மாற்றுவது சுலபம். மாற்றியதும் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமான காலரைத் திருகித் தரை உயரத்தைப் பழையபடி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். ஆயிலுக்குப் பொறுமை வேண்டும்: பழசை வடித்து, புதுசை ஊற்றி, பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, கடைசிக் குமிழி மேலே வந்து உடையும்வரை மூடியைப் போடக் கூடாது.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சூட்டில் சிலிக்கான் ஆயில் இளகும். காலைக் குளிரில் ஏற்காட்டில் கச்சிதமாக இருக்கும் 350 ஆயில் (எண் கூடினால் கெட்டியும் கூடும்), சித்திரை மதியம் சேலத்து மைதானத்தில் தண்ணியாகிவிடும். ஸ்பிரிங்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. சரளைத் தரையில் கெட்டி ஆயில் போட்டால் சக்கரம் துள்ளவும் செய்யும்.

என் ஓட்டு ஸ்பிரிங்குக்கே, அதுவும் ஒரே ஒரு படி கெட்டியாக. த்ராட்டிலில் வால் வீசினால் பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு 400 ஆயிலைப் பாருங்கள்.