9 வருஷம் சுவரில் இருந்த டென்ஸ் சார்ட்

சித்தி மகள் நேற்று ராத்திரி போன் பண்ணினாள். "அக்கா, உங்க ஆபீஸ்ல ஒட்டியிருக்கீங்களே, அந்த டென்ஸ் சார்ட், நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" வேண்டாம் என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டேன். பாவம், காரணம் கேட்கக்கூட விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கியது. 9 வருஷமாகியும் லேமினேஷன் உரியவில்லை. முன்பக்கம் ஆங்கிலத்தின் 12 டென்ஸுக்கும், அதாவது வினைச்சொல்லின் கால வடிவங்களுக்கும், 12 கட்டம். ஒவ்வொன்றிலும் ஆங்கில வாக்கியம், பக்கத்திலேயே தமிழ். பின்பக்கம் வினைச்சொல் பட்டியல்: கோ, வென்ட், கான், ரைட், ரோட், ரிட்டன். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறியிருக்கிறேன். எஸ்டேட் ஆபீஸில் இன்றைக்கு ஆங்கிலக் கடிதமெல்லாம் என் கையால்தான் போகிறது. அதற்குப் பாதிக் காரணம் அந்தப் பின்பக்கம்.

என் கோபமெல்லாம் முன்பக்கத்துத் தமிழின் மேல். 'வரும்' என்றால் 'வில் கம்' என்று அடித்துப் போட்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காபி வாங்கும் வியாபாரி ஒருவருக்கு 'லாரி தினமும் 7 மணிக்கு வரும்' என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. சார்ட்டைப் பார்த்து 'வில் கம்' என்றே எழுதினேன். "எந்தத் தேதியிலிருந்து?" என்று பதில் வந்தது. அந்த லாரி வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த லாரி! 'கம்ஸ்' என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கமாக நடப்பதை ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலத்தில் சொல்வார்கள். நாம் அதற்கு 'வரும்' என்போம்.

கோடை மழை விழுந்த பத்து நாளில் காபி பூக்கும். இது அடுத்த வருஷத்துச் சேதியா? எல்லா வருஷத்துக்கும் பொது. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பைச் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் (வரும், பூக்கும் மாதிரி) சொல்லத் தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'மலை நிற்கும்'. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் எதிரே மலைதான் நிற்கிறது. அதைப் போய் 'வில் ஸ்டாண்ட்' என்று எழுத முடியுமா?

இன்னொன்று மனசை அறுக்கும். "அப்பா வாரம் ஒரு தடவை மிளகு மூட்டையோடு சேலம் லீ பஜார் சந்தைக்குப் போவார்." அப்பா இறந்து ஆறு வருஷம். 'போவார்' என்று நாம் சொல்வது அவர் பழக்கத்தை; ஆங்கிலத்தில் அது 'யூஸ்ட் டு கோ'. சார்ட் சொல்வதோ 'வில் கோ'. அந்தக் கட்டத்தை என்னால் பார்க்கவே முடிவதில்லை.

'நேற்று அனுப்பியிருக்கிறேன்' என்பதும் இப்படித்தான். தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' என்று நாள் குறித்துவிட்டால் 'ஹேவ் சென்ட்' கூடாது, வெறும் 'சென்ட்' தான். அதற்கு அந்தச் சார்ட்டில் ஒரு வரி இல்லை.

ஆகவே, தங்கச்சி, காசு கொடுத்து வாங்காதே. என்னுடையதைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். தமிழ் இருந்த இடமெல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டியாயிற்று. பின்பக்கம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ. ஒட்டிய தாளில் நாம் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதலாம்.