பெயர் வேறு, வேலை ஒன்று: என் தாயாருக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு இன்ஹேலர்கள்

என் தாயாருக்கு வயது 68. சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றுப்பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தில் இருக்கிறார். பிசான அறுவடை தொடங்கி நெல் தூசி பறக்கும் மாசி, பங்குனி மாதங்களில் அவருக்கு ஆஸ்துமா இரைப்பு கூடுவது இருபது வருடமாக நாங்கள் பார்த்து வருவதுதான். ஊரில் பார்க்கும் மருத்துவர் கொடுத்த ஒரே ஒரு இன்ஹேலரைக் காலையில் இரண்டு முறையும் இரவில் இரண்டு முறையும் இழுத்துக்கொண்டு, திடீரென்று முட்டும்போது மட்டும் நீல நிற சால்பியூட்டமாலை எடுத்துக்கொண்டு, ஓரளவு நிம்மதியாகவே இருந்தார்.

இந்த ஆண்டு மாசியில் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது இரைப்பு அதிகமானதால் பக்கத்திலிருந்த ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அங்கே புதிதாக ஓர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். பழையதை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா என்று சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. கிளினிக்கோடு ஒட்டிய மருந்துக் கடையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் எடுக்கலாமா என்று வெளிப்படையாகவே கேட்டேன். கடையில் நின்ற பையன் பெட்டிகளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டும் வேற வேற மருந்து சார், ரெண்டையும் அடிக்கச் சொல்லுங்க, ஒண்ணும் செய்யாது" என்றான். மருந்தாளுநர் யார் என்று அப்போது நான் கேட்கவில்லை. அது என் தவறு. அடுத்த ஏழு வாரங்களுக்கு அதே கடை இரண்டையும் சீட்டுக் கேட்காமலும் பில் போடாமலும் எனக்கு விற்றுக்கொண்டிருந்தது.

பழைய இன்ஹேலரில் இருந்தவை பியூடெசோனைடு 200, ஃபார்மோட்டெரால் 6. புதியதில் இருந்தவை ஃபுளூட்டிகசோன் 250, சால்மெட்டெரால் 25. எண்கள் மைக்ரோகிராமில். பெயர்களைப் பார்த்தால் நான்கும் நான்கு மருந்துகள்தான். ஆனால் பியூடெசோனைடும் ஃபுளூட்டிகசோனும் மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டுகள். ஃபார்மோட்டெராலும் சால்மெட்டெராலும் மூச்சுக்குழாய்த் தசையைச் சுமார் 12 மணி நேரம் தளர்த்தி வைப்பவை. அதாவது ஒரே வயலுக்கு இரண்டு மதகுகளை முழுதாகத் திறந்துவிட்டிருக்கிறோம். புதியதையும் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று இழுத்ததால், அந்த இன்ஹேலரில் சால்மெட்டெராலின் ஒரு நாள் உச்ச அளவான 100 மைக்ரோகிராமை அவர் தினமும் எடுத்தார். அதற்கு மேல் 24 மைக்ரோகிராம் ஃபார்மோட்டெரால் வேறு. ஸ்டீராய்டும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் நீண்ட நேர மருந்து ஒன்றை எடுப்பவர் அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து எடுக்கக் கூடாது என்று இந்த இன்ஹேலர்களின் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கும் அதை நானும் பின்னர்தான் படித்தேன்.

மூன்றாவது வாரத்தில் அம்மாவின் குரல் கம்மியது, நாக்கில் வெள்ளை படிந்தது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் இப்படி வரும் என்பதால் கொப்பளிக்கச் சொன்னதோடு விட்டுவிட்டேன். அளவு கூடினாலும் வரும் என்று தோன்றவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, "எய்யா, நெஞ்சு படபடன்னு அடிக்கி, கையில காபி டம்ளர் நிக்க மாட்டேங்கு" என்றார். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதாகவும் சொன்னார். இவை மூன்றும் ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் போன்ற மருந்துகள் மிகுந்தால் வரக்கூடியவையே. அந்த மருந்துகள் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தையும் குறைக்கும். அம்மா இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் நீர் மாத்திரையும் அதையே செய்யும். படபடப்பும் நடுக்கமும் வயதினால், பயத்தினால் என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏழாவது வாரம் வேறொரு கிளினிக்கில் காட்டியபோது நடந்ததுதான் உயிருக்கு உலை வைத்தது. நாடி பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், "படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் மாத்திரை" என்று பிராப்ரனலால் எழுதினார்கள். இரைப்பு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் மடியில் இருந்த மஞ்சப்பைக்குள் மூன்று இன்ஹேலர்கள் இருந்தன. அதைத் திறந்து பார்க்கவும் இல்லை. பிராப்ரனலால் இதயத்தை மட்டும் அடக்குவதில்லை. எந்த ஏற்பிகளை (மருந்து வந்து ஒட்டும் இடங்களை)த் தூண்டி இன்ஹேலர் மூச்சுக்குழாயைத் திறக்கிறதோ அவற்றையும் மறித்து உட்கார்ந்துகொள்ளும்; ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கக் கூடாத மாத்திரை அது.

இரண்டாம் நாள் இரவு பதினோரு மணிக்கு மூச்சு முட்டியது. நீல நிற இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தை இழுக்க உதவும் குழாயில்) வைத்து நான்கு முறை, பிறகு இன்னும் நான்கு முறை கொடுத்தும் அசையவில்லை. இருபது வருடத்தில் அது கேட்காமல் போனது அன்றுதான் முதல் முறை. 108 வண்டியில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

அங்கே ஆக்சிஜன் வைத்துக்கொண்டே ஓர் இளம் பெண் மருத்துவர் மஞ்சப்பையை மேசை மேல் கவிழ்த்து ஒவ்வொரு பெட்டியாகப் படித்தார். பிராப்ரனலால் அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நெபுலைசரில் சால்பியூட்டமாலோடு இப்ராட்ரோப்பியத்தையும் சேர்க்கச் சொன்னார். அது வேறு வழியாகக் குழாயைத் திறப்பதால் இந்த மாத்திரை அதை மறிக்காது என்று எனக்கு விளக்கவும் செய்தார். படர்தாமரைக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று அவர் கேட்டபோது, மூச்சு முட்டலுக்கும் படர்தாமரைக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். படர்தாமரைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் இட்ராகோனசோல் என்ற மருந்தானது பியூடெசோனைடு, ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுத்து அவற்றை உடம்பில் தேங்கச் செய்யும், சால்மெட்டெராலின் அளவையும் கூட்டி இதயத்தைத் தொந்தரவு செய்யும் என்றார். நல்ல வேளையாக அம்மா அதைச் சாப்பிடவில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே அந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தின்பவர்கள் நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இன்ஹேலரும் எடுக்கிறார்.

நான்கு நாட்களில் வீட்டுக்கு வந்தோம். இப்போது பழைய இன்ஹேலர் ஒன்றுதான், கூடவே நீல நிறம். இதைப் படித்துவிட்டு யாரும் தம் இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டு இன்ஹேலரைத் திடீரென்று விட்டால் இரைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும். தினசரி இன்ஹேலரோடு அவசரத்துக்குச் சால்பியூட்டமால் வைத்திருப்பதும் பல காலமாக உள்ள முறைதான். இரண்டு தினசரி இன்ஹேலர்கள் ஒரே பையில் இருந்தால், பெட்டியில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைத் தாளில் எழுதி, ஸ்டீராய்டு எது, "ட்டெரால்" என்று முடியும் மருந்து எது, அது இரண்டிலும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண் சொட்டு மருந்தையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதுங்கள். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டும் பிராப்ரனலாலின் இனம்தான், கண்ணில் விட்டாலும் நுரையீரல் வரை போய்ச் சேரும்.

வீடு திரும்பிய மறுநாள் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, சீட்டுல உள்ளதத்தான் குடுத்தோம்" என்றார். முதல் தடவைக்குப் பிறகு சீட்டே கேட்கவில்லையே என்றதற்குப் பதில் இல்லை. மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அந்தப் பெட்டியிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. மருந்தாளுநர் நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அந்தக் கடையில் நான் போன எந்த நாளிலும் மருந்தாளுநர் என்று ஒருவரைக் கண்டதில்லை. முதல் கிளினிக்கில், "பழசை நிறுத்தச் சொல்லாமலா இருந்திருப்போம்?" என்றார்கள். சீட்டைக் காட்டினேன். "வாயால சொல்லியிருப்போம்" என்றார்கள். மாத்திரை எழுதிய கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கவே விடவில்லை.

மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். பில் இல்லாததால், காலிப் பெட்டிகளின் தொகுதி எண்களையும், வாங்கிய நாட்களில் அந்தக் கடைக்கு என் கைபேசியிலிருந்து பணம் போன விவரத்தையும் அதோடு இணைத்தேன். அம்மா எந்தப் பெட்டியையும் தூக்கிப் போடாமல் மஞ்சப்பையிலேயே அடுக்கி வைத்திருந்ததால் அதுவாவது முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை.