பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி: வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் பைபாஸ் ரோட்டில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியைப் பற்றி எழுதுகிறேன், பெயர் வேண்டாம். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், ஐசியூ சுத்தம், ஸ்ட்ரெச்சர் உடனே வருகிறது. ஆனால் வாசலிலேயே நோயாளியைப் பார்த்து, உடனே கவனிக்க வேண்டியவருக்கு சிவப்பு, அடுத்து மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை என்று பிரிக்கிறார்களே, அந்த ட்ரையாஜ் வயதானவர்கள் விஷயத்தில் ரொம்ப மோசம். அதற்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான்.

அம்மாவுக்கு 78 வயது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, என்னைப் பார்த்து சித்தி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பாத்ரூம் போக எழுந்தவர் கால் நிற்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலில் இருந்த நர்ஸ் எல்லாம் அளந்தார். பிரஷர் 108, பல்ஸ் 78, காய்ச்சல் இல்லை. "எல்லாம் நார்மல்தான் அக்கா, வயசானா இப்படித்தான் இருக்கும், உட்காருங்க" என்று பச்சைப் பட்டையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

யாருக்கு நார்மல்? அம்மாவுக்கு எப்போது பார்த்தாலும் பிரஷர் 150 இருக்கும், அவருக்கு 108 என்றால் அது இறங்கிப்போன பிரஷர். அம்மா போடுவது மெட்டோப்ரோலால், பல்ஸைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை; அதைப் போடுகிறவருக்கு உடம்பு எவ்வளவு திணறினாலும் பல்ஸ் அவ்வளவாக ஏறாது. முதியவர்களுக்குக் கிருமித் தொற்று முற்றினாலும் காய்ச்சலே வராமல் இருக்கலாம், ஹார்ட் அட்டாக்கில்கூட நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சுவாங்கலோடு வந்து நிற்பார்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பினால் அதுவே அவசரம்தான், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

கையில் தையல் போட வந்த பையன்கூட எங்களுக்கு முன்னால் உள்ளே போனான். அது பரவாயில்லை. அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட வந்து அம்மாவுக்கு மறுபடி பிரஷர் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. காத்திருக்கும்போதுதானே முதியவர்கள் சட்டென்று மோசமாகிறார்கள்.

ஷிப்ட் மாறி வந்த இன்னொரு நர்ஸ், சின்னப் பெண், நேராக வந்து "பாட்டி நேத்து எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார். மாத்திரைப் பையை வாங்கி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார், அம்மாவின் விரல் நகத்தை அழுத்தி விட்டுவிட்டு நிறம் திரும்புகிறதா என்று கவனித்தார். திரும்பவே நேரம் எடுத்தது, ரத்த ஓட்டம் குறைந்திருப்பதற்கு அது ஓர் அறிகுறி. அந்த இடத்திலேயே பச்சையை வெட்டிவிட்டு சிவப்பைக் கட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனார். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவியிருந்தது. டிரிப்ஸ், ஆன்டிபயாடிக் என்று உடனே ஆரம்பித்தார்கள், அம்மா இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். அந்த இரண்டு ஸ்டாரும் இந்தப் பெண்ணுக்குத்தான்.

அரசு ஆஸ்பத்திரிகளில் டி.ஏ.இ.ஐ. என்கிற விபத்து, அவசர சிகிச்சை வார்டுகளிலும் இதே மூன்று நிறம்தான். அதனால் எங்கே போனாலும் வழக்கமான பிரஷர் எவ்வளவு, என்னென்ன மாத்திரை, எப்போதிலிருந்து பேச்சு மாறியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வாசலிலேயே நீட்டுங்கள். விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறாரா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், வெளியே காயம் தெரியாமல் உள்ளே கசியலாம். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், ஆனால் அரைமணிக்கொருமுறை எழுந்து போய் மறுபடி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இந்த பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரிக்கே போவதானால், ராத்திரியில் முன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், வண்டியை நேராகப் பின்பக்கம் விடுங்கள்.