எடை போடும் நிரலுக்கு எது தோது: நிபந்தனை வரிகளா, ஸ்ட்ராடஜியா, அடுக்குகளா?

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் பச்சை இலை கொண்டுவந்து போடும் இடங்களுக்கு நிரல் எழுதுகிறேன். தராசோடு இணைத்த ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி, பக்கத்தில் ரசீது அச்சடிக்கும் சிறு பிரிண்டர். வேலை ஒன்றுதான்: எடையைப் பதிந்து ரசீது தர வேண்டும். அதைச் செய்யும் விதம்தான் ஓயாமல் மாறுகிறது. சிக்னல் இருந்தால் கணக்கு நேரே தொழிற்சாலைக்குப் போகலாம். இல்லையென்றால் அங்கேயே சேமித்துப் பிறகு அனுப்ப வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். மழையில் பறித்த இலைக்கு ஈரக் கழிவு போட வேண்டும், அதாவது ஈரத்துக்காக எடையில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்.

இப்படிச் சூழலுக்கேற்ப நடந்துகொள்ளும் நிரலை எழுத மூன்று வழிகளைப் பார்த்தோம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம், அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதல் வழி, தேவைப்படும் இடமெல்லாம் 'சிக்னல் இருந்தால்', 'இலை ஈரமானால்' என்று நிபந்தனை வரிகள் எழுதுவது. ஒரே ஒரு சூழல் மாறும் என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது ஸ்ட்ராடஜி பேட்டர்ன். மாறும் நடத்தையை நிரலுக்குள் தனி வகுப்பாக (கிளாஸ்) எழுதி, வேண்டியதைப் பொருத்திக்கொள்வது. ஒரு திசையில் மட்டும் மாறும் வேலைக்கு அருமையானது. எங்களுக்கோ மூன்று சூழல்கள், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. மொத்தம் 8 சேர்க்கைகள். மூன்றையும் தனித்தனி ஸ்ட்ராடஜியாகப் பிரிக்கலாம்தான். ஆனால் ஈரக் கழிவு சேமிக்கும் எடையையும் தொடுகிறது, அச்சடிக்கும் ரசீதையும் தொடுகிறது. பிரித்தவை மறுபடி ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்க வேண்டியதாகிறது.

மூன்றாவது, சூழல்சார் நிரலாக்கம். கணினி ஆய்வாளர்கள் பாஸ்கல் கோஸ்டான்சாவும் ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் 2005-இல் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்காக முன்வைத்த கான்டெக்ஸ்ட்எல் என்ற நீட்டிப்பு இந்த வழியில் முன்னோடி. அடிப்படை நிரலை, சிக்னலும் கரண்டும் உள்ள, மழையில்லாத நாளுக்கு என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு சூழலுக்கும் ஓர் அடுக்கு. அதில் வேறுபடும் பகுதி மட்டும் இருக்கும். நிரல் ஓடும்போதே, ஒரு குறிப்பிட்ட வேலை முடியும்வரை மட்டும் அடுக்கை இயக்கலாம்.

எங்களை இந்தப் பக்கம் இழுத்தது பராமரிப்பு. எங்கள் 'ஈர இலை' அடுக்கு ஒரே கோப்பு, இரண்டே ஃபங்ஷன்கள். நிகர எடை கணக்கிடும் ஃபங்ஷன், தனக்குக் கீழே உள்ள அடுக்கிலோ அடிப்படை நிரலிலோ இருக்கும் அதே ஃபங்ஷனை அழைத்து, வரும் எடையில் கழிவு சதவீதத்தைக் குறைக்கிறது. ரசீது ஃபங்ஷன், கீழே உள்ளது தரும் ரசீதில் 'ஈரக் கழிவு' என்று ஒரு வரி சேர்க்கிறது. கழிவைப் பற்றி விவசாயி கேள்வி கேட்டால் அந்த ஒரு கோப்பைத் திறந்தால் போதும். நிபந்தனை வரிகளாக எழுதியிருந்தால் இதே விதி நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்திருக்கும்.

எப்போது இயக்குவது என்பது வேறு, இயக்கினால் என்ன நடக்கும் என்பது வேறு. நீலகிரியின் மேற்குப் பக்கமுள்ள கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை முக்கியம். கிழக்குச் சரிவிலுள்ள கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. இரண்டு ஊருக்கும் அடுக்கு ஒன்றே. எந்த மாதங்களில் அது தானாக இயங்கும் என்ற அமைப்பு மட்டும் மாறும்.

இன்னொரு லாபம்: ஒரு ரசீது தொடங்கும்போது எந்த அடுக்குகள் இயங்குகின்றனவோ அவையே அந்த ரசீது முடியும்வரை நிற்கும். நடுவில் சிக்னல் திரும்பிவந்தாலும், பாதி ஒரு விதமாகவும் மீதி வேறு விதமாகவும் பதிவாகாது. சிக்னல் நடுவில் அறுந்தால் மட்டும், அனுப்புவது தோற்றதைப் பிடித்து உள்ளேயே சேமிக்கும் வரிகளைத் தனியாக எழுதத்தான் வேண்டும். அடுக்கு அதைப் பார்த்துக்கொள்ளாது.

பைத்தானில் இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. 2018-இல் வந்த பைத்தான் 3.7-இன் கான்டெக்ஸ்ட்வார்ஸ் தொகுதியில் இயங்கும் அடுக்குகளின் பட்டியலை வைத்தோம். காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைக்கு வழிவிடும் அசின்க் வேலைகளுக்குள்ளும் பட்டியல் கூடவே போகும். நாங்களே தொடங்கும் த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் தனி இழைக்கு) மட்டும் அதை நகலெடுத்துக் கொடுக்கிறோம். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரணமாக எழுதினால், அவெயிட், அதாவது இப்படிக் காத்திருப்பது, முடிந்து திரும்பும்போது அடுக்கு ஏற்கெனவே அணைந்திருக்கும். பைத்தானிலேயே இருந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவும் உண்டு. அடுக்குகளின் வரிசை மாறினால் விளைவு மாறும்: பேட்டரி அடுக்கு ரசீதைச் சுருக்கிய பிறகுதான் கழிவு வரி சேர வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கும்போது அந்த வரியே போய்விடும். பிழை தேடும்போது எந்த அடுக்கு வழியாக வந்தது என்று தெரியாமல் திணற நேரும் என்பதால், ஒவ்வொரு பதிவு வரியிலும் இயங்கும் அடுக்குகளின் பெயரையும் எழுதிவைக்கிறோம். சோதனை வேலையும் குறையவில்லை. 8 சேர்க்கைகளையும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வரும் சர்வரில் இதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. தொழிற்சாலைப் பக்கத்துக் கணக்கு நிரலில் ஸ்ட்ராடஜியையே வைத்திருக்கிறோம். அங்கே மாறுவது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை விலை போடும் முறை மட்டும். அதுவும் நிரல் தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது.