காலையில் மட்டும் வரும் நீலப் புகை: ஓர் எஞ்சின் சோதனைச் சேவை குறித்து

பத்தாண்டுகள் ஓடிய என் பெட்ரோல் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வழியே நீலப் புகையைக் கக்கிவிட்டு, அரை நிமிடத்தில் ஒன்றும் அறியாதது போல ஓடத் தொடங்கிவிடும். முதலில் காட்டிய பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல், "நீலப் புகை என்றால் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் செய்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அதை ஏற்க மனம் வராததால், எஞ்சின் கோளாறைக் கண்டறிவதைத் தனிச் சேவையாகவே செய்துதரும் வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த தலைமை மெக்கானிக் முதலில் கேட்டது, புகை எப்போது வருகிறது என்பதைத்தான். நிறத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்தது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்பது சரி, ஆனால் அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்பதை நிறம் சொல்லாது என்றார். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே ஆயில் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் மேடு ஏறும்போதும், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் புகை விடாமல் வரும். வால்வுத் தண்டைச் சுற்றி ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான வால்வு சீல்கள் இறுகிப்போயிருந்தால், இரவு முழுவதும் வண்டி நிற்கையில் மேலே தங்கிய ஆயில் வால்வுத் தண்டின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்துவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வந்து, கீழே மீண்டும் அழுத்தும்போது பின்னால் புகை எழுந்தாலும் சந்தேகம் வால்வுப் பக்கமே போக வேண்டும்; காற்றை உள்ளே விடும் திராட்டில் மூடியிருக்கையில், அதற்கு அடுத்துள்ள காற்றுக் குழாயான மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உள்ளே இழுத்துவிடுகிறது. என் வண்டியில் இவ்விரண்டு அறிகுறிகளும் இருந்தன.

பேச்சோடு நிறுத்திக்கொள்ளாமல், வண்டியை இரவு அங்கேயே விட்டுச் செல்லச் சொல்லி, மறுநாள் காலை என் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்தார்கள். சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தபோது, அதில் பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பொட்டுகள் தெறித்திருந்தன. விரலால் தேய்த்தால் வழுக்கியது. முதலில், எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எரிவதற்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள், ஏனென்றால் அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் எரியும், மாற்றுவதோ எளிது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியதில் மூன்றாவது மட்டும் கரிய ஈரத்தோடு வந்தது. சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் அளவுகள் நான்கு சிலிண்டர்களிலும் 165 முதல் 172 பிஎஸ்ஐ வரை இருந்தன. ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் ஊற்றி மீண்டும் அளந்தார்கள். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் கணிசமாக ஏறியிருக்கும், ஆனால் முள் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. ஓவர்ஹால் பேச்சு அத்தோடு முடிந்தது.

குளிர்ந்த காலைகளில் வரும் வெண்புகையைப் பற்றியும் கேட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் சூடேறும் வரை அது ஆவியாகத் தெரிவதில் கவலைப்பட ஏதுமில்லை. ஆவி சில அடிகளிலேயே கலைந்துவிடும். எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடையடித்து, ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால்தான் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்காக வைத்திருக்கும் நீலத் திரவக் குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்திக் காட்டினார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும், என் வண்டியில் நீலமாகவே இருந்தது. கரும்புகை எரிபொருள் கூடுதலாகவோ காற்று குறைவாகவோ போவதைக் காட்டுகிறது என்றும், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், சென்சார்கள் ஆகியவற்றை அந்த வரிசையில் பார்ப்பதாகவும் சுருக்கமாகச் சொன்னார்கள்.

சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வு கீழே விழாமல் நிறுத்திக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலேயே எல்லா வால்வுகளின் சீல்களையும் அங்கேயே மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு மாதங்களாகக் காலைப் புகை இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டமும் பெரிதாக இறங்கவில்லை.

குறைகளும் உண்டு. கொடுத்த அறிக்கையில் "ரிங் சரி, வால்வு சீல் மாற்றவும்" என்று ஒரே வரிதான் இருந்தது. கம்ப்ரஷன் அளவுகளை நான் கேட்டபிறகே ஓரத்தில் எழுதித் தந்தார்கள். இத்தனை காலம் ஆயில் எரிந்ததில் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்டர் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அவர்களாகப் பார்க்கவில்லை, அதற்கு நான் இன்னொரு முறை போக வேண்டியிருந்தது. வண்டியை இரவு விட்டுச் செல்ல வேண்டும் என்பதையும் முன்பதிவின்போதே யாரும் சொல்லவில்லை. சூடான எஞ்சினோடு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அன்றைக்குப் பாதிச் சோதனைதான் நடக்கும் என்பதால், அங்கே போக நினைப்பவர்கள் முந்தின மாலையே வண்டியை விட்டுவிடுவது நல்லது.